கோட்டோவிய உருவத்தை வாசிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் அல்சூர், மர்ஃபி டவுன், சிவாஜிநகர் பக்கம் இருக்கும் தமிழர்கள் சிலர் ஞாயிறு மாலைகளில் கூடிப் படம் பார்க்கிறோம். வரைகிறவர்கள் இரண்டு மூன்று பேர்தான். மற்றவர்கள் பார்க்கவும் பேசவும் வருகிறவர்கள். புதிதாக வருபவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரி கேள்விகள் என்பதால் அவற்றையும் எங்கள் பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

பேச வசதியாக ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குமார கிருபா சாலையில் நடக்கும் சித்ர சந்தே என்ற ஓவியச் சந்தையில் எங்கள் வட்டத்து அக்கா ஒருவர் வாங்கியது. கார்ட்ரிட்ஜ் தாளில் (வரைவதற்கான தடித்த தாள்) கறுப்பு மை. வலது கீழ் மூலையில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு முழங்கால் மடங்கி நிற்கிறது, தலை அதை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. கழுத்து முகத்தின் அளவுக்கு நீளம். கண்கள் வெறும் பாதாம் வடிவக் கோடுகள், கருவிழி கிடையாது. ஒரு கை மட்டும் முகத்தைவிடப் பெரிதாக, உள்ளங்கை மேலே பார்க்கத் தரையில் கிடக்கிறது. தோளில் ஒரு காக்கை, காலடியில் கவிழ்ந்த குடம். தாளின் மேல்பாதியும் இடப்பக்கமும் காலி. தலைப்பு எதுவும் இல்லை.

படத்தைப் பார்த்ததும் "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்பது தவறா?

தவறில்லை, ஆனால் அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. முதலிலேயே கேட்டால் கண் நேராகக் காக்கைக்கும் குடத்துக்கும் போய்விடும். அவைதான் பெயர் சொல்லக்கூடிய பொருள்கள். "காக்கை என்றால் சாவு, குடம் என்றால் கொள்ளிக்குடம், ஆகவே இது துக்கப் படம்" என்று அரை நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடும். அந்த அரை நிமிடத்தில் அந்தப் பெண்ணை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

எங்கள் வட்டத்தில் ஒரே ஒரு விதிதான். யார் என்ன சொன்னாலும், "அது படத்தில் எங்கே இருக்கிறது?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்கலாம். விரல் வைத்துக் காட்ட முடிந்தால் பேச்சு தொடரும். முடியாவிட்டால் அது சொன்னவருடைய மனசில் இருக்கிறது என்று பொருள். அதிலும் குற்றமில்லை, ஆனால் அது படத்தைப் பற்றிய பேச்சு இல்லை.

கழுத்தை இப்படி இழுத்து, கையை இவ்வளவு பெரிதாகப் போட்டிருக்கிறாரே, ஓவியருக்கு அளவு தெரியாதா?

இதைக் கேட்காத ஆளே இல்லை. சாதாரணமாக நிற்கும் மனித உடல் ஏழு, ஏழரைத் தலை உயரம் இருக்கும் என்பது ஓவியப் பள்ளிகளில் முதல் பாடம். அதைத் தெரிந்துகொண்டே மீறுவது பழைய வழக்கம். நம் சிற்பிகளுக்கும் தாளக் கணக்கு உண்டு. முகத்தின் நீளம் ஒரு தாளம், பெருந்தெய்வங்களுக்குப் பத்துத் தாளம், பிள்ளையாருக்கு ஐந்து, பூதகணங்களுக்கு நான்கு. கோயில் தூணில் குண்டாகக் குட்டையாக நிற்கும் பூதத்தைப் பார்த்து "சிற்பிக்கு உடற்கூறு தெரியவில்லை" என்று யாரும் சொல்வதில்லை.

இன்னோர் உதாரணம் ஜாமினி ராய். கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவர், ஐரோப்பிய பாணியில் அச்சு அசலான உருவப்படங்கள் வரைந்து சம்பாதித்தவர். பிறகு அதையெல்லாம் விட்டுவிட்டு வங்காள நாட்டுப்புறப் படங்களின் பக்கம் திரும்பினார். முகத்தின் ஓரம்வரை நீளும் மீன் கண், தடித்த கறுப்பு வெளிக்கோடு என்று அவர் உருவங்களை மாற்றியது தெரியாமல் செய்தது இல்லை.

தெரியாமல் வந்த பிழையையும் வேண்டுமென்றே செய்த மிகையையும் எப்படிப் பிரிப்பது? பிழை அங்கங்கே சிதறிக் கிடக்கும். ஒரு காது பெரிதாக இருக்கும், மறுபக்கத் தோள் காரணமில்லாமல் இறங்கியிருக்கும், கோடு தயங்கித் தயங்கிப் போயிருக்கும். மிகை ஒரே திசையில் போகும். நம் படத்தில் கழுத்து, முதுகு, கை எல்லாமே கீழ்நோக்கி நீள்கின்றன. அந்தப் பெரிய கை தரையில் அழுந்தும் இடத்தில் கோடு தடித்து, விரல் நுனியில் மெலிகிறது. தடுமாறும் ஒருவர் இப்படிப் போட மாட்டார்.

படத்தின் மனநிலை எங்கிருந்து வருகிறது? முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லையே?

முகத்தை விரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள். மனநிலை அப்படியே இருக்கும். இப்படி இயல்பை மாற்றிப் பாணிப்படுத்திய உருவங்களில் முகம் பெரும்பாலும் கடைசியில்தான் பேசும். முதலில் பேசுவது உடலின் எடை எங்கே இறங்குகிறது என்பது.

இதற்குச் சுலபமான வழி, அதே மாதிரி உட்கார்ந்து பார்ப்பது. எங்கள் வட்டத்தில் எல்லோரையும் ஒருமுறை தரையில் உட்கார வைத்துவிடுவோம். ஒரு முழங்காலை மடக்கித் தலையை அதன்மேல் சாய்த்து ஒரு கையைத் தரையில் விடுங்கள். எங்கே வலிக்கிறது? கழுத்தில் வலிக்கவே வலிக்காது, ஏனென்றால் தலையின் பாரத்தை முழங்கால் வாங்கிக்கொள்கிறது. இது நெடுநேரம் இருக்கக்கூடிய இருப்பு. நொடியில் உடைந்து அழுகிறவர் இப்படி உட்கார மாட்டார், பயந்தவரும் மாட்டார். பயந்தவருக்கு இரண்டு முழங்காலும் மார்போடு சேர்ந்திருக்கும், கை திறந்து கிடக்காது. ஆக, பழகிப்போன ஓர் இருப்பு இது, அவசரம் இல்லாதது. இவ்வளவும் காக்கையைத் தொடாமலே கிடைத்துவிட்டது.

நம் செப்புத் திருமேனிகளிலும் உடல் எத்தனை இடத்தில் வளைகிறது என்பதற்கே தனித்தனிப் பெயர் உண்டு. நேராக நின்றால் சமபங்கம், மெல்லச் சாய்ந்தால் ஆபங்கம், மூன்று வளைவு என்றால் திரிபங்கம், ஒரேயடியாக வளைந்து முறுக்கினால் அதிபங்கம். சோழர்காலப் பார்வதி திரிபங்கத்தில் நிற்கும்போது முகத்தைப் பார்க்காமலே அவளுடைய நிதானம் தெரிகிறது.

அடுத்தது காலி இடம். பெண் தாளின் நடுவில் இருந்திருந்தால் படம் வேறு. மூலையில் இருப்பதால் மிச்சமெல்லாம் அவளுக்கு எதிரே விரிந்த வெளியாகிவிட்டது. அவள் பார்க்கும் திசையில்தான் அந்த வெளி இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். முதுகுக்குப் பின்னால் காலி இடம் விட்டிருந்தால் விட்டுவிட்டு வந்த ஒன்றைப் போலிருக்கும். முன்னால் விட்டிருப்பதால் இன்னும் வராத ஒன்று.

கோட்டை வைத்து மட்டும் மனநிலை சொல்ல முடியுமா?

முடியும். இத்தாலிய ஓவியர் மோதிலியானியும் ஆஸ்திரிய ஓவியர் ஏகான் ஷீலேயும் ஏறக்குறைய ஒரே காலத்தவர்கள். மோதிலியானி 1920-இல் 35 வயதில் இறந்தார், ஷீலே 1918-இல் ஸ்பானிஷ் ஃப்ளூவில் 28 வயதில் போய்விட்டார். இருவரும் உடலை இழுத்து நீட்டியவர்கள். மோதிலியானியின் கழுத்துக் கோடு ஒரே மூச்சில் வழுக்கிக்கொண்டு இறங்கும். பார்ப்பவருக்கு ஓர் அமைதி, கொஞ்சம் சோகம். ஷீலேயின் கோடு ஒவ்வொரு மூட்டிலும் முட்டி, ஒடிந்து, திரும்பும். விரல்கள் முறுக்கிக்கொண்டு நிற்கும். பார்ப்பவருக்கு உட்கார்ந்த இடத்தில் ஒரு பதற்றம். நீட்டல் ஒன்றுதான், கோடு வேறு, ஆகவே மனநிலையும் வேறு.

தமிழ்ப் பத்திரிகை வாசகர்களுக்கு ஓவியர் ஆதிமூலத்தின் கோடுகள் பழக்கமாக இருக்கும். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களில் உடல் சில கோடுகளுக்குள் அடங்கிவிடும், ஆனால் நடையின் வேகம் அப்படியே இருக்கும். அவருடைய அரசர் படங்களில் அதே கை கோட்டைப் பின்னிப் பின்னி நிரப்பும். கிரீடமும் நகையும் பளபளக்க வேண்டிய இடத்தில் ஏதோ உளுத்துப்போனது போலிருக்கும்.

நம் படத்தில் முதுகுக்கோடு மட்டும் ஒரே இழுப்பில் போட்டது. இடையில் தூரிகையில் மை தீர்ந்து, தாளின் சொரசொரப்பு தெரிகிறது. ஓவியர் திரும்ப மை தொட்டு அதைச் சரிசெய்யவில்லை. எனக்கு இந்தப் படத்தில் ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

கண்ணில் கருவிழி இல்லையே, குருடு என்று பொருளா?

அவசரப்பட வேண்டாம். மோதிலியானியின் பல உருவங்களுக்கும் கருவிழி கிடையாது, யாரும் அவர்களைப் பார்வையற்றவர்கள் என்று சொல்வதில்லை. நம் ஊரில் சிலைக்குக் கடைசியில்தான் கண் திறப்பார்கள். அதுவரை அது வெறும் கல். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த கண்ணுக்கு, கருவிழி இல்லாத முகம் "ஆள் இங்கே இல்லை, வேறெங்கோ இருக்கிறாள்" என்று தோன்றும்.

இந்தப் படத்தில் இன்னொன்றும் இருக்கிறது. காக்கையின் கண் மட்டும் தெளிவாக இருக்கிறது, கறுப்புக்குள் விட்டுவைத்த ஒரு வெள்ளைப் புள்ளி. ஆக, இந்தத் தாளில் பார்ப்பது ஒரே ஒருத்தர்தான்.

கை ஏன் பெரிது?

எது பெரிதோ அது முக்கியம் என்பது பழைய கணக்கு. கர்நாடகத்துத் தோல்பாவைகளில் ராஜாவும் தெய்வமும் பெரிய பொம்மை, வேலைக்காரர் சின்ன பொம்மை. பெங்களூரின் கலை நிறுவனமான சித்ரகலா பரிஷத்தில் அந்தப் பாவைகளைப் பார்க்கலாம். ஒரே உடலுக்குள் ஒரு கையை மட்டும் பெரிதாக்கினால், அந்தக் கை செய்வதையோ செய்யாமல் இருப்பதையோ பாருங்கள் என்று சொல்வதாகும். இங்கே கை எதையும் பிடிக்கவில்லை, கேட்கவும் இல்லை. பிச்சை கேட்கும் கை என்றார் ஒருவர். கேட்கும் கைக்கு விரல்கள் கொஞ்சம் குவிந்திருக்கும், முழங்கை தரையை விட்டு எழும்பியிருக்கும். இது வேலை முடிந்து போட்டுவைத்த கை.

காக்கை கெட்ட சகுனம்தானே?

யாருக்கு? இங்கேதான் சண்டையே வரும். ஐரோப்பியக் கதைகளிலும் படங்களிலும் அண்டங்காக்கை பெரும்பாலும் சாவின் தூதன். இணையத்தில் "குறியீடு" என்று தேடினால் முதலில் கிடைப்பதும் அதுதான். ஆனால் நம் வீட்டில் அமாவாசைக்கு முதல் கவளம் காக்கைக்குத்தான், முன்னோர் வந்து சாப்பிடுவதாக நம்பிக்கை. காக்கை கரைந்தால் விருந்தாளி வருவார் என்கிறோம். இந்த நம்பிக்கை சங்க காலத்திலேயே உண்டு. காக்கை கரைந்ததைப் பாடியதற்காகவே காக்கைபாடினியார் என்று ஒரு புலவருக்குப் பெயர் வந்திருக்கிறது. அப்புறம் சனி பகவானின் வாகனம் என்ற வகையில் சிலருக்குப் பயமும் உண்டு. இவை எதுவுமே இல்லாமல், அல்சூர் மொட்டை மாடியில் வடாம் காயப்போட்டால் வந்து உட்காரும் வெறும் காக்கையாகவும் இருக்கலாம்.

இத்தனையில் எது? மறுபடி உடலைப் பாருங்கள். காக்கை உட்கார்ந்திருக்கும் தோள் உயரவில்லை. நகம் பதியும் இடத்தில் கோடு சற்றே உள்வாங்கியிருக்கிறது, அவ்வளவுதான். பிடிக்காத ஒன்று தோளில் வந்து உட்கார்ந்தால் தோள் காதுவரை ஏறும், தலை எதிர்ப்பக்கம் விலகும். இவள் தலை விலகவில்லை. அலகு அவள் காதுக்கு நேராக இருக்கிறது, கொத்தும் தூரத்தில் இல்லை, சொல்லும் தூரத்தில் இருக்கிறது. ஆகவே சகுனக் காக்கை, சனிக் காக்கை இரண்டும் இங்கே நிற்காது. முன்னோர், விருந்து இரண்டும் நிற்கும். இரண்டையும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளலாம். ஒன்றைத் தள்ள வேண்டிய கட்டாயமில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க வங்காள ஓவியர் ஜெய்னுல் ஆபிதீனின் 1943 வங்காளப் பஞ்சப் படங்களைத் தேடிப் பாருங்கள். கல்கத்தாத் தெருவில் பட்டினியால் விழுந்த மக்களை மலிவான பொட்டலத் தாளில் தூரிகையும் கறுப்பு மையும் கொண்டு வரைந்தவை. அவற்றிலும் காக்கைகள் வருகின்றன. அங்கே அவை மனிதர்களுக்குப் பக்கத்தில் தரையில் நிற்கின்றன, குப்பையில் கிடப்பதற்குப் போட்டியாக. உடல்கள் எலும்பும் தோலுமாகச் சரிந்திருக்கின்றன. அந்தக் காக்கையை விருந்து என்று சொன்னால் நம்மை அடிக்க வருவார்கள்.

கவிழ்ந்த குடம் வீட்டுக்கு ஆகாது என்கிறார்கள். படத்தை மாட்டலாமா?

படத்தை வாங்கிய அக்காவின் மாமியார் முதல் நாளே கேட்டது இதைத்தான். "கவுந்த கொடத்த ஹால்ல மாட்டுவாங்களா?" நியாயமான கேள்வி, குடம் என்றதும் நிறைகுடமும் கொள்ளிக்குடமும் நினைவுக்கு வருவது நம் வளர்ப்பு.

குடத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தோம். கழுத்தைச் சுற்றி இரண்டு வரி, அகலமாக விரிந்த வாய், அடிப்பாகத்தில் அச்சில் வார்த்தது போன்ற வளையம். இது மண்குடம் இல்லை, பிளாஸ்டிக் குடம். கொள்ளிக்குடம் மண்ணாக இருக்கும், தோளில் இருக்கும், ஓட்டை போட்டு உடைக்கப்படும். இது அப்படி இல்லை. சரி, கழுவிக் கவிழ்த்து வைத்ததாக இருக்குமோ என்றார் ஒருவர். கழுவிய குடத்தடியில் ஈரம் இருக்க வேண்டும். பெண்ணின் கூந்தல் நிழலுக்கு ஓவியர் மையில் நீர் கலந்து பூசியிருக்கிறார், ஆகவே ஈரம் காட்டத் தெரியாதவர் இல்லை. குடத்தின் வாயடியில் மட்டும் காய்ந்த தூரிகையால் நாலு கீறல் போட்டிருக்கிறார். தண்ணீர் இல்லை.

பெங்களூரில் இதற்கு விளக்கம் வேண்டாம். காவிரித் தண்ணீர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளியிருந்து மேலேற்றி வர வேண்டிய ஊர் இது. 2024 மார்ச்சில் ஆழ்குழாய்கள் வறண்டு, டேங்கருக்காக வரிசையில் குடம் வைத்துக் காத்திருந்த தெருக்கள் எத்தனை. குடத்தைத் தன் இடத்துக்கு அடையாளமாகக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வது இங்கே எல்லோருக்கும் தெரிந்த காட்சி. அப்படிப் பார்த்தால் நெடுநேர இருப்பு, முன்னால் இருக்கும் வெளி, ஓய்ந்த கை, வரவு சொல்லும் காக்கை எல்லாம் ஒரே பக்கம் சாய்கின்றன. இது காத்திருப்பு. துக்கம் என்று சொல்ல எனக்கு இடம் தெரியவில்லை.

மாமியார் இப்போது படத்தை ஒத்துக்கொண்டுவிட்டார், பூஜை அறைப் பக்கம் மட்டும் வேண்டாமாம். அது அவர் உரிமை.

குறியீடுகளுக்கு அகராதி மாதிரி ஏதும் உண்டா?

சிலவற்றுக்கு உண்டு, சிலவற்றுக்கு இல்லை. எதற்கு உண்டு என்று தெரிந்துகொள்வதே பாதி வேலை.

மரபு முடிவுசெய்து வைத்த குறியீடுகள் ஒரு வகை. நடராசர் கையில் உடுக்கை படைப்பு, தீ அழிப்பு, காலடியில் முயலகன் அறியாமை. இதில் உங்கள் என் விருப்பத்துக்கு இடமில்லை. திருவள்ளுவரும் அப்படித்தான். அவர் முகம் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாததால் அவர் உருவமே முழுக்கக் குறியீடு: ஓலை, எழுத்தாணி, தாடி, முடிந்த கூந்தல். கன்னியாகுமரிச் சிலையின் 133 அடி 133 அதிகாரத்துக்கு, பீடத்தின் 38 அடி அறத்துப்பாலின் 38 அதிகாரத்துக்கு, மேலே நிற்கும் 95 அடி மற்ற இரண்டு பாலுக்கும், மூன்று விரல் மூன்று பாலுக்கும். கணக்குப் போட்டுச் செய்த உருவம். ஆனால் நம் அல்சூர் ஏரிப் பக்கத்து வள்ளுவர் சிலை 1991-இல் வைத்து, மூடியபடியே 18 ஆண்டு நின்று, 2009 ஆகஸ்டில்தான் திறந்தது. அத்தனை வருடம் அந்தத் துணிமூட்டையைப் பார்த்தபடி போனவர்களுக்கு அந்த மூட்டையே ஒரு குறியீடு ஆகிவிட்டிருந்தது. அதை எந்தச் சிற்ப நூலும் சொல்லித்தராது. இந்த இரண்டாவது வகை ஊரும் காலமும் தருவது. பிளாஸ்டிக் குடமும் இந்த வகையில்தான் வரும்.

மூன்றாவது, ஓவியர் தனக்கென்று வைத்துக்கொண்டது. தையப் மேத்தா வாழ்நாள் முழுக்கக் கீழே விழும் உருவத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தார். பிரிவினைக் காலத்தில் பம்பாயில் தன் ஜன்னலுக்குக் கீழே ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டதைப் பார்த்தது மனசைவிட்டுப் போகவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். இந்த வகையை ஒரு படத்தை வைத்துப் பிடிக்க முடியாது. அவர் வரைந்த நாலைந்து படங்களை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

நிறம் இருந்தால்?

நிறத்தை நம்பி ஏமாற வேண்டாம். நண்பர் காஸாகெமாஸ் 1901-இல் தற்கொலை செய்துகொண்ட பிறகு பிக்காஸோ 1904 வரை நீலத்திலேயே வரைந்தார், அங்கே நீலம் துயரம். அதே நீலத்தைக் கண்ணனுக்குப் பூசினால் யார் அழுகிறார்கள்? எந்த நிறம் என்பதைவிடப் பக்கத்தில் எந்த நிறம், எவ்வளவு இடம் என்று பாருங்கள்.

மனநிலையைச் சொல்ல "சோகமா இருக்கு", "நல்லா இருக்கு" தவிர வார்த்தை வரமாட்டேன் என்கிறது.

எல்லோருக்கும் அப்படித்தான். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடு சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை. மனசில் இருப்பது உடம்பில் தெரிவதுதான் மெய்ப்பாடு என்பதால் உருவ ஓவியத்துக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. படத்தை வைத்துக்கொண்டு எட்டையும் ஒவ்வொன்றாகக் கேட்டு, இல்லாததைத் தள்ளுங்கள். நம் படத்தில் நகை, வெகுளி, அச்சம், உவகை எல்லாம் சட்டென்று போய்விடும். அழுகையில் கொஞ்சம் நிற்போம்.

எட்டுக்குள் அடங்காவிட்டால் சங்கப் பாடல்களின் திணைக்குப் போகலாம். முல்லைக்கு இருத்தல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிதல். பொறுத்திருப்பதும் புலம்புவதும் வேறு வேறு என்று நம் ஆட்கள் நிலத்தையே பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்தப் பெண் முல்லை என்கிறேன் நான். வட்டத்தில் ஒரு தம்பி, வறண்ட குடத்தைக் காட்டிப் பாலை என்கிறான். பெண் இருப்பது முல்லை, இடம் பாலை என்று ஒருவழியாகச் சமாதானம் ஆனோம், அவன் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை.

உருவத்தை வைத்து வரைந்தவரின் மனநோயைக் கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே?

வேண்டவே வேண்டாம். 1926-இல் குட்இனஃப் என்ற உளவியலாளர் குழந்தைகள் வரையும் மனிதப் படத்தை வைத்து அறிவு வளர்ச்சியை அளக்க ஒரு சோதனை கொண்டுவந்தார். 1949-இல் மகோவர் அதை ஆளுமைக்கு நீட்டினார். பெரிய கண் என்றால் சந்தேக புத்தி, கை வரையாவிட்டால் குற்றவுணர்ச்சி என்ற மாதிரி விளக்கங்கள் அந்த வழியில் வந்தவை. அப்படி ஒவ்வோர் அடையாளத்துக்கும் ஒரு நோய் என்று பொருத்துவதற்கு ஆய்வுகளில் ஆதாரம் தேறவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை கறுப்புக் கிரேயானில் அம்மாவை வரைந்தால், மற்ற கிரேயான்கள் தொலைந்துபோயிருக்கலாம்.

ஓவியர் நினைக்காத ஒன்றை நாம் பார்த்தால்?

பார்க்கலாம். கை தானாகச் செய்வது நிறைய உண்டு; முதுகுக்கோட்டில் மை தீர்ந்ததை அவர் திட்டமிட்டிருக்க மாட்டார், விட்டுவைத்தது மட்டும்தான் அவர் முடிவு. ஆனால் "ஓவியர் இதைத்தான் சொல்ல வருகிறார்" என்று அவர் சார்பில் பேசாதீர்கள். "எனக்கு இப்படிப் படுகிறது, காரணம் இந்தக் கோடு" என்றால் போதும்.

பெங்களூரில் எங்கே பார்த்துப் பழகலாம்?

அரண்மனைச் சாலையில் மாணிக்கவேலு மாளிகையில் 2009-இல் திறந்த தேசிய நவீனக் கலைக்கூடம் முதல் இடம், திங்கட்கிழமை விடுமுறை. கஸ்தூர்பா சாலையில் வெங்கடப்பா கலைக்கூடமும், 2023-இல் புதுக் கட்டடத்தில் திறந்த கலை மற்றும் ஒளிப்பட அருங்காட்சியகமும் இருக்கின்றன. குமார கிருபா சாலை சித்ரகலா பரிஷத்துக்குப் போனால் ஓவியர் ஹெப்பாரின் படங்களைத் தவறவிடாதீர்கள். ஒரே கோட்டில் நடனக்காரியைச் சுழல வைத்த மனிதர். ஒரு நாளில் இரண்டு மூன்று படம் போதும். எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க நினைத்தால் கால்தான் வலிக்கும்.

சித்ர சந்தேயில் ஓவியரே எதிரில் நிற்பார். என்ன கேட்பது?

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்று மட்டும் கேட்க வேண்டாம், அன்றைக்கு அவர் அதை நூறு தடவை கேட்டிருப்பார், மனப்பாடமாக ஒரு பதிலும் வைத்திருப்பார். எந்தக் கோட்டை முதலில் போட்டீர்கள், எதைப் போட்டுவிட்டு அழித்தீர்கள், இந்தக் காலி இடத்தில் முதலில் ஏதாவது இருந்ததா என்று கேளுங்கள். கன்னடம் அரைகுறை என்றாலும் விரலால் கோட்டைக் காட்டிக் கேட்டால் புரிந்துகொள்வார்கள். நம் படத்தை வரைந்தவரிடம் அக்கா குடத்தைக் காட்டிக் கேட்டபோது, முதலில் அங்கே செருப்பு வரைய நினைத்ததாகச் சொன்னாராம். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், நின்று பேசுவார்கள். மதியத்துக்கு மேல் அந்தச் சாலையில் நிற்கவே இடம் கிடைக்காது.